மகனின் கல்லறையைத் தோண்டியவன்

1859ஆம் ஆண்டு, லண்டன். நான்கு வயதில் இறந்துபோன மகன் ஆடமின் கல்லறையை ஒரு தகப்பன் தோண்டுகிறான். துக்கம் தாளாமல் பிள்ளையின் முகத்தை இன்னொரு முறை பார்க்க வந்தவன் இல்லை அவன். குழந்தை பிறவிக் கோளாறோடு பிறந்தது. அந்தக் கோளாறு எங்கிருந்து வந்தது என்பதற்கான விடை அந்தச் சின்ன உடலுக்குள் கிடக்கிறது, எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது அவன் எண்ணம். பெயர் நதானியல் எஸ்ஸெக்ஸ். வேலை, உயிரியல் ஆராய்ச்சி.

மார்வெல் நிறுவனம் 1996இல் வெளியிட்ட நான்கு இதழ் காமிக்ஸ் குறுந்தொடரில் வரும் கதை இது. பீட்டர் மில்லிகன் எழுத, ஜான் பால் லியான் வரைந்தார். எக்ஸ்-மென் வாசகர்களுக்கு இந்த எஸ்ஸெக்ஸ் அதற்கு முன்பே வேறு பெயரில் பழக்கம். சுண்ணாம்பாக வெளுத்த முகமும், நெற்றியில் சிவப்பு வைரமும், நாடா நாடாகத் தொங்கும் மேலங்கியுமாக 1987இல் அறிமுகமான மிஸ்டர் சினிஸ்டர்தான் அவன். அந்தப் பாத்திரத்தை உருவாக்கிய எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மாண்ட் மனத்தில் வைத்திருந்தது வேறு: மிக மெதுவாக வயதாகிற ஒரு சிறுவன், வில்லன் என்றால் இப்படித்தான் இருப்பான் என்று கற்பனை செய்து வெளியே உலவ விட்ட உருவம் அது. குழந்தைத்தனமான அந்தப் பெயருக்கும் உடைக்கும் அதுதான் காரணம். பின்னால் வந்தவர்கள் அந்த யோசனையை விட்டுவிட்டு அவனுக்கு ஒரு வரலாற்றைக் கொடுத்தார்கள். விக்டோரியா காலத்து ஆய்வாளன், டார்வினை நேரில் அறிந்தவன், ராயல் சொசைட்டியில் அவமானப்பட்டவன். இந்த மாற்றம் நல்ல மாற்றம் என்பேன். வேடிக்கை உருவமாக நின்றுபோயிருக்க வேண்டிய ஒருவன், அறிவியல் வரலாற்றின் உண்மையான புண் ஒன்றைத் தொட்டுக்காட்டுகிறவனாக ஆனது அதனால்தான்.

சூப்பர்ஹீரோ கதைகளில் கெட்டுப்போன விஞ்ஞானிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் விபத்தால் கெட்டவர்கள். ஸ்பைடர்மேனின் பகைவர் டாக்டர் ஆக்டோபஸ் 1963இல் அறிமுகமாகிறார்; ஆய்வுக்கூட வெடிப்பில் கதிர்வீச்சு பட்டு, இயந்திரக் கைகள் உடலோடு ஒட்டிக்கொள்ள, மூளையும் பாதிக்கப்படுகிறது. கர்ட் கானர்ஸ் இழந்த கையை மறுபடி வளர்க்க மருந்து எடுத்துக்கொண்டு பல்லி மனிதராகிறார். தமிழில் முத்து காமிக்ஸ் 1972இல் தன் முதல் இதழாகக் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியும் அடிப்படையில் ஓர் ஆய்வுக்கூட உதவியாளர்தான். மின்சாரம் பாய்ந்த விபத்துக்குப் பிறகே அவர் உருவம் மறைகிறது. முதல் சாகசத்தில் தடம் புரண்டு அலையவும் செய்கிறார். விபத்து என்பது கதாசிரியருக்கு வசதியான ஏற்பாடு. மனிதர் நல்லவர், அவருடைய அறிவியலும் நல்லது, நடுவில் ஏதோ வெடித்துவிட்டது என்று சொல்லிவிடலாம்.

எஸ்ஸெக்ஸுக்கு எதுவும் வெடிக்கவில்லை. அபோகாலிப்ஸ் என்கிற ஆதி மியூட்டண்ட் (பிறவியிலேயே மரபணு மாற்றத்தால் அபூர்வ சக்தி பெற்றவன்) அவன் உடலை மாற்றி அமைப்பது கதையின் கடைசியில். அதற்கு வெகு முன்பே, சாதாரண மனித உடலோடு, கோட்டும் டையும் அணிந்த கனவானாக, அவன் ரவுடிகளை அமர்த்தித் தெருவோரத்து ஏழைகளைக் கடத்திவந்து கூண்டில் அடைத்து ஆராய்ந்துகொண்டிருக்கிறான். கருவுற்றிருக்கும் மனைவி ரெபெக்கா அதைக் கண்டுபிடிக்கிறாள். மகனின் உடலையும் அங்கேதான் பார்க்கிறாள். கூண்டுகளைத் திறந்து ஆட்களை விடுவிக்கிறாள். பிரசவத்தில் அவள் சாகும்போது, மன்னிப்புக் கேட்கிற கணவனைப் பார்த்துக் கடைசியாகச் சொல்லும் சொல்தான் பிறகு அவன் சூட்டிக்கொள்ளும் பெயர்.

லண்டனுக்குச் சற்றுத் தெற்கே, கென்ட் மாவட்டத்து டவுன் கிராமத்தில், அதே ஆண்டுகளில் இன்னொரு தகப்பன் வாழ்ந்தார். இவர் கற்பனை இல்லை. சார்லஸ் டார்வினுக்குப் பத்துக் குழந்தைகள். மூன்று பேரைச் சிறுவயதிலேயே இழந்தார். 1851இல் பத்து வயது ஆனி போனாள். 1858 ஜூன் 28 அன்று கடைக்குட்டி சார்லஸ் வேரிங் ஒன்றரை வயதில் செங்காய்ச்சலில் இறந்தான். அவன் வளர்ச்சி பிறந்ததிலிருந்தே மற்றக் குழந்தைகளைப் போல இல்லை. டவுன் நோய்க்குறியாக இருந்திருக்கலாம் என்று பின்னாளில் சிலர் கருதியிருக்கிறார்கள். இயற்கைத் தேர்வுக் கொள்கை முதன்முதலாக லின்னியன் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது ஜூலை 1 அன்று. டார்வின் அங்கே போகவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் இருந்தார்.

அவரை ஒரு பயம் வாழ்நாள் முழுதும் அரித்தது. அவர் மணந்தது தாய்மாமன் மகள் எம்மாவை. நம் ஊரில் முறைப்பெண் என்று சொல்லி இன்றும் நடத்துகிற அதே உறவுக் கல்யாணம். அதனால்தான் குழந்தைகள் நோஞ்சானாகப் பிறக்கிறார்களோ என்று மறுகினார். எஸ்ஸெக்ஸின் கேள்வியும் கிட்டத்தட்ட இதுதான்: பெற்றவர்களிடமிருந்து பிள்ளைக்கு எது போகிறது, எது கெட்டுப்போய்ப் போகிறது? விடை தேட டார்வின் எடுத்த வழியைப் பாருங்கள். தோட்டத்துச் செடிகளைத் தன் மகரந்தச் சேர்க்கையாலும் அயல் மகரந்தச் சேர்க்கையாலும் வளர்த்து, தலைமுறை தலைமுறையாக உயரம் அளந்து, விதை எண்ணி, பதினோரு ஆண்டு உழைத்து 1876இல் புத்தகமாக வெளியிட்டார். 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உறவுத் திருமணம் பற்றி ஒரு கேள்வி சேர்க்கும்படி நாடாளுமன்ற நண்பர் மூலமாகக் கேட்டுப் பார்த்தார். நாடாளுமன்றம் மறுத்தது. பிறகு அவர் மகன் ஜார்ஜ் கிடைத்த தகவல்களைத் திரட்டி, பாதிப்பு பயந்த அளவுக்குப் பெரிதில்லை என்று 1875இல் எழுதினார்.

காமிக்ஸில் வரும் எஸ்ஸெக்ஸ், டார்வினின் கைகளை அறம் கட்டிப்போட்டிருக்கிறது என்று நினைக்கிறான். எனக்குத் தோன்றுவது, அந்தக் கட்டுக்குள் நின்றே டார்வின் அதிகம் கண்டுபிடித்தார் என்பது. கல்லறைக்குப் போனவன் கையில் கிடைத்திருக்கக்கூடியது என்ன? யோசித்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை.

1859இல் ஒரு குழந்தையின் உடலைத் திறந்து பார்க்கிறவனுக்குத் தசையும் எலும்பும் உறுப்பின் அமைப்பும் தெரியும். பரம்பரை தெரியாது. மெண்டல் பட்டாணிச் செடி முடிவுகளை வாசித்தது 1865இல். காயத்துக் கட்டுத்துணியில் ஒட்டியிருந்த சீழிலிருந்து மீஷர் ஒரு புதுப்பொருளைப் பிரித்தெடுத்தது 1869இல், பின்னர் டி.என்.ஏ. என்று நாம் பெயரிட்டது அதைத்தான். மரபியல் என்ற துறைக்கு ஆங்கிலத்தில் பெயர் வந்தது 1905இல், மரபணு என்பதற்குச் சொல் வந்தது 1909இல். மனித உயிரணுவில் 46 குரோமோசோம்கள் என்று சரியாக எண்ணி முடித்ததே 1956இல்தான்.

1859க்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து, 1959இல், டவுன் நோய்க்குறிக்குக் காரணம் 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதே என்று பாரிஸிலிருந்து ஆய்வுக் கட்டுரை வந்தது. அந்தக் கண்டுபிடிப்புக்கான உயிரணு வளர்ப்பை நடத்தியவர் மார்த் கோத்தியே என்ற பெண் மருத்துவர். உயிரோடிருக்கும் குழந்தைகளிடமிருந்து எடுத்த துளித் திசு போதுமானதாக இருந்தது. அதை வளர்க்க மனித இரத்தத்தின் சீரம் வேண்டும். வசதியில்லாத ஆய்வுக்கூடம் அது. அவர் தன் உடம்பிலிருந்தே இரத்தம் எடுத்துக்கொண்டார். இந்த ஒரு செய்கையை எஸ்ஸெக்ஸின் மண்வெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

எஸ்ஸெக்ஸின் கற்பனைப் பின்னணி முழுக்கக் கற்பனையும் இல்லை. பிணம் தேடிய அறிவியல் பிரிட்டனில் நிஜமாகவே இருந்தது. எடின்பரோவில் உடற்கூறு கற்பித்த டாக்டர் ராபர்ட் நாக்ஸுக்கு அறுத்துக் காட்ட உடல்கள் போதவில்லை. வில்லியம் பர்க், வில்லியம் ஹேர் என்ற இருவர் விடுதியில் இயற்கையாக இறந்த ஒருவரின் உடலை முதலில் கொண்டுவந்து விற்றார்கள். விலை 7 பவுண்டு 10 ஷில்லிங். அதற்குப் பிறகு சாவுக்காகக் காத்திருப்பானேன் என்று கொல்லத் தொடங்கி, 1828க்குள் 16 பேரைக் கொன்றார்கள். கொல்லப்பட்டவர்கள் வறியவர்கள், தேட ஆளில்லாதவர்கள். உடல்கள் புதிதாக வருகின்றனவே என்று நாக்ஸ் தரப்பில் யாரும் கேட்கவில்லை. பர்க் தூக்கிலிடப்பட்டான், ஹேர் சாட்சியாக மாறித் தப்பினான், நாக்ஸ் மீது வழக்கே இல்லை. பிற்காலத்தில் அதே நாக்ஸ் மனித இனங்களின் ஏற்றத்தாழ்வு பற்றிப் புத்தகம் எழுதினார். 1832இல் வந்த உடற்கூறு சட்டம் கொலையை நிறுத்தியது உண்மை. ஆனால் ஏழைகள் விடுதிகளில் இறந்து யாரும் உரிமை கோராத உடல்கள் இனி அறுவை மேசைக்கு என்றும் அது முடிவு செய்தது. எஸ்ஸெக்ஸின் ரவுடிகள் யாரைத் தேடிப் போனார்களோ, சட்டமும் அவர்களையே தேடிப் போனது.

டார்வின் மருத்துவம் படிக்கப் போனதும் அந்த எடின்பரோவுக்குத்தான், நாக்ஸின் காலத்தில். மயக்க மருந்து இல்லாத நாள். ஒரு குழந்தைக்கு நடந்த அறுவை சிகிச்சையைப் பார்க்க முடியாமல் பாதியில் வெளியே ஓடிவந்தவர், பிறகு அந்தப் படிப்பையே விட்டார்.

இனி எஸ்ஸெக்ஸின் திட்டத்துக்கு வருவோம். வயதாகாத உடலைப் பெற்ற பிறகு அவனுக்கு நூற்றாண்டுக்கும் மேலாக ஒரே வேலை. ஸ்காட் சம்மர்ஸ், ஜீன் கிரே என்ற இரண்டு மியூட்டண்ட்களின் மரபணுக்கள் சேர்ந்தால் ஒப்பற்ற பிள்ளை பிறக்கும் என்று கணித்து, ஸ்காட்டைச் சிறுவயதிலிருந்தே கண்காணிக்கிறான். நெப்ராஸ்காவில் ஸ்காட் வளரும் அநாதை இல்லத்தையே கைக்குள் வைத்துக்கொள்கிறான். ஆட்டுக்கிடா தேர்ந்தெடுப்பது போல மனிதர்களைச் சேர்த்துவைக்கிற இந்த யோசனைக்கு அசல் உரிமையாளர் ஒருவர் உண்டு. பிரான்சிஸ் கால்டன்.

கால்டன் டார்வினுக்கு அத்தை மகன் முறை. டார்வினின் அப்பாவுக்கு மாற்றாந்தாய் வழித் தங்கை பெற்ற பிள்ளை. கைரேகையை ஒழுங்குபடுத்தி ஆராய்ந்தவர், இன்றைய புள்ளியியலின் முக்கியக் கருவிகள் சிலவற்றை உருவாக்கியவர். அறிவும் திறமையும் குடும்பத்தில் வழிவழியாக வருகின்றன என்று 1869இல் புத்தகம் எழுதினார். தகுதியுள்ளவர்களை அதிகம் பெற வைத்தால் மனித இனம் உயரும் என்ற கருத்துக்கு 1883இல் யூஜெனிக்ஸ் என்று பெயரிட்டார்; தமிழில் இனமேம்பாட்டியல் என்கிறோம். அவர் கல்லறை எதையும் தோண்டவில்லை, எவரையும் கடத்தவில்லை. ஆனால் யார் தகுதியுள்ளவர் என்று தீர்மானிக்கும் இடத்தில் தன்னைப் போன்றவர்களை நிறுத்திக்கொண்டதைப் பற்றி அவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

இந்தத் திட்டத்தின் அறிவியல் எங்கே இடறுகிறது என்பதற்கு முதல் தடயமும் கால்டனின் நோட்டிலேயே இருக்கிறது. 205 தம்பதிகள், அவர்களின் வளர்ந்த பிள்ளைகள் 928 பேர் ஆகியோரின் உயரங்களை எடுத்து 1886இல் வெளியிட்டார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியைவிட உயரம்தான். ஆனால் பெற்றோர் அளவுக்கு இல்லை. பெற்றோர் சராசரியிலிருந்து விலகிய தூரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் பிள்ளைகளிடம் தெரிந்தது. குட்டையான பெற்றோரின் பிள்ளைகளும் அதேபோலச் சராசரியை நோக்கித் திரும்பினார்கள். ஒருவரின் உச்சத் திறமையில் மரபணுவின் பங்கோடு, அந்தக் குறிப்பிட்ட சேர்க்கையின் அதிர்ஷ்டமும் வளர்ந்த சூழலும் கலந்திருக்கின்றன. பிள்ளைக்கு அந்தக் கலவை அப்படியே போய்ச்சேராது.

ஏன் போகாது என்பதை இன்று எண்ணிக்கையாகவே சொல்லலாம். ஸ்காட்டிடம் 23 ஜோடி குரோமோசோம்கள். ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்றுதான் விந்தணுவுக்குள் போகும், எது போகும் என்பது பூவா தலையா. 23 முறை சுண்டினால் சுமார் 84 லட்சம் விதமான சேர்க்கைகள். ஜீனிடமும் அதே 84 லட்சம். இரண்டும் சேரும்போது ஏறத்தாழ 70 லட்சம் கோடி விதமான பிள்ளைகள் சாத்தியம். ஜோடிக் குரோமோசோம்கள் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வதை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. சினிஸ்டர் நூறாண்டு காத்திருந்து நடத்தி வைக்கும் திருமணத்தில் அவன் விரும்பிய பிள்ளை பிறப்பது, 70 லட்சம் கோடிச் சீட்டுகளில் ஒன்றை எடுப்பது.

அதோடு, ஒரு திறமைக்கு ஒரு மரபணு என்பதும் காமிக்ஸின் வசதி. மியூட்டண்ட் ஆக ஒரே ஓர் எக்ஸ் மரபணு போதும் என்று அங்கே வைத்துக்கொள்கிறார்கள். உயரம் போல நாடா பிடித்து அளக்கக்கூடிய ஒரு குணத்துக்கே, 54 லட்சம் பேரின் டி.என்.ஏ.வை ஆராய்ந்து 2022இல் வெளிவந்த ஆய்வு சுமார் 12,000 மரபு வேறுபாடுகளைச் சுட்டியது. ஒவ்வொன்றும் மில்லிமீட்டர் கணக்கில் தள்ளுகிறது, இழுக்கிறது. உயரத்துக்கே இந்தப் பாடு என்றால், ஸ்காட்டைப் போலக் கண்ணிலிருந்து கதிர் பாய்ச்சுவதை விடுங்கள், பொறுமைக்கும் நினைவாற்றலுக்கும் என்ன கணக்குப் போட முடியும்?

ஒரு விஷயத்தில் மட்டும் எஸ்ஸெக்ஸ் பாதி சரி. மனிதருக்குள் மாற்றங்கள் ஓயாமல் நேர்கின்றன என்று ராயல் சொசைட்டி முன் அவன் வாதாடி ஏளனப்பட்டான். நிஜத்தில் பிறக்கிற ஒவ்வொரு குழந்தையிடமும் தாய் தந்தை இருவரிடமும் இல்லாத புதுத் திடீர் மாற்றங்கள் 60, 70 வரை இருக்கின்றன. 300 கோடி எழுத்துகளில் அது பெரிய எண் இல்லை. பெரும்பாலும் எதையும் செய்யாதவை. அபூர்வமாக ஒன்று தவறான இடத்தில் விழுந்துவிடும். ஆடமுக்கு அப்படித்தான் நேர்ந்திருக்கலாம். அப்பாவிடமும் இல்லாத, அம்மாவிடமும் இல்லாத, யார் குற்றமும் இல்லாத ஓர் எழுத்துப் பிழை. இதை அந்தத் தகப்பனுக்குச் சொல்ல 1859இல் ஆளில்லை.

ஜீன் இறந்துவிட்டதாக நினைத்த பிறகு சினிஸ்டர் நம்புவது குளோனிங்கை. ஜீனின் உயிரணுவிலிருந்து ஒரு பெண்ணை உருவாக்கி, விரைவாக வளர்த்து, மேடலின் பிரையர் என்று பெயரிட்டு, பொய்யான கடந்தகாலத்தை நினைவில் பதித்து, அலாஸ்காவில் விமானியாக ஸ்காட் கண்ணில் படும்படி அனுப்பிவைக்கிறான். மேடலின் வாசகர்களுக்கு அறிமுகமானது 1983இல்; அவள் யார் என்ற உண்மை வெளிவர ஐந்தாறு ஆண்டு ஆயிற்று. ஸ்காட் அவளை மணக்கிறான், மகன் பிறக்கிறான், ஜீன் உயிரோடிருப்பது தெரிந்ததும் அவளை விட்டுப் போகிறான்.

எஸ்ஸெக்ஸின் பூர்வகதை வெளிவந்த அதே 1996இல், ஜூலை 5 அன்று, எடின்பரோவுக்கு அருகே ராஸ்லின் ஆய்வு நிலையத்தில் டாலி ஆடு பிறந்தது. வளர்ந்த ஆட்டின் மடி உயிரணுவின் உட்கருவை, உட்கரு நீக்கிய கருமுட்டையோடு இணைத்தார்கள். இப்படி 277 முறை செய்ததில் 29 கருக்கள் வாடகைத் தாய் ஆடுகளுக்குள் வைக்கும் நிலைக்கு வந்தன. பிறந்தது ஒரே ஒரு குட்டி. சினிஸ்டரின் கதை நமக்கு ஒரே ஒரு மேடலினைக் காட்டுகிறது. அவளுக்கு முன் தோற்றுப்போன முயற்சிகள் எத்தனை, அவற்றைச் சுமந்த பெண்கள் யார் என்று காமிக்ஸ் கட்டங்களில் இடமில்லை. பெரிய தொட்டி ஒன்றை வரைந்துவிட்டால் அந்தக் கேள்வி எழாது.

பிறக்கிற குளோன் அசலின் நகலும் இல்லை. 2001 டிசம்பரில் டெக்ஸஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் உலகின் முதல் குளோன் பூனை பிறந்தது. நகல் பூனை என்ற பொருளில் சீசீ என்று பெயர். அசல் பூனை ரெயின்போவுக்கு வெள்ளை, கறுப்பு, ஆரஞ்சு என்று மூன்று நிறம். சீசீயின் உடம்பில் ஆரஞ்சே இல்லை. பெண் பாலூட்டிகளின் உயிரணுவில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் இருக்கும். கரு வளர்கையில் ஒவ்வொரு உயிரணுவும் அவற்றில் ஒன்றைப் பூட்டிவைத்துவிடுகிறது. ரெயின்போவின் மேனியில் சில இடங்களில் ஆரஞ்சைத் தாங்கிய எக்ஸ் பூட்டப்பட்டது, சில இடங்களில் மற்றது. குளோன் செய்ய எடுத்த உயிரணுவில் ஆரஞ்சு பூட்டிக் கிடந்தது. அந்தப் பூட்டு புதுக் கருவிலும் திறக்கவில்லை. உரோமத்தின் நிறமே இப்படித் தவறிப்போனது. நினைவும் காதலும் கோபமும் மரபணுவில் இல்லவே இல்லை. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் இயற்கையின் குளோன்கள்தான். அவர்களில் ஒருத்தியை மணந்தவன் மற்றவளை மணந்ததாக யாரும் சொல்வதில்லை.

இந்த இடத்தில் கதாசிரியர்கள் அறிவியலைவிட நுட்பமாக ஒன்றைச் செய்தார்கள். பிள்ளை பெறுவதற்கென்றே தன்னை ஒருவன் தயாரித்தான் என்று தெரியவந்ததும் மேடலின் கொதித்தெழுகிறாள். அந்தச் சீற்றம் நகரத்தையே புரட்டிப்போட்டு, கடைசியில் அவள் உயிரையும் வாங்குகிறது. ஆய்வுப் பொருள் வாய் திறந்து பேசியது என்பதே எனக்கு அந்தக் கதையின் முக்கியம். சினிஸ்டருக்கு அவள்மீது வெறுப்பு ஏதுமில்லை, ஜீன்மீதும் இல்லை. ஆர்வம்தான் இருக்கிறது, கண்ணாடித் தகட்டில் வைத்த மாதிரியின்மேல் இருக்கும் ஆர்வம். அவனைக் கெடுத்தது அதுதான். எதிரில் இருப்பவரிடம் கேட்க வேண்டும் என்று தோன்றாத ஆர்வம்.

காமிக்ஸ் தவறவிட்ட ஒன்றும் உண்டு. சினிஸ்டர் தனியன். ரகசியக் குகை, கூலிப்படை, ஒளிந்து நடக்கும் ஆராய்ச்சி. நிஜ வரலாற்றில் இந்த மாதிரி ஆராய்ச்சி ஒளிந்து நடக்கவில்லை. நியூயார்க்கில் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் 1910இல் தொடங்கிய யூஜெனிக்ஸ் பதிவகத்துக்கு அலுவலகம் இருந்தது, படிவங்கள் இருந்தன, வீடு வீடாகப் போய்க் குறிப்பெடுக்கப் பயிற்சி பெற்ற பெண்கள் இருந்தார்கள். அங்கே உருவான மாதிரிச் சட்டத்தைப் பின்பற்றி வர்ஜீனியா மாநிலம் சட்டம் இயற்றியது. கேரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1927இல் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அவளும் தாயும் கைக்குழந்தையும் மந்தபுத்திக்காரர்கள், இது பரம்பரை என்பது வாதம். கேரி கருவுற்றது வளர்ப்பு வீட்டாரின் உறவினன் ஒருவன் பலாத்காரம் செய்ததால். அந்தக் கைக்குழந்தை விவியன் பிறகு பள்ளிக்கூடம் போனாள், ஒரு பருவத்தில் நல்ல மதிப்பெண் பெற்றோர் பட்டியலிலும் இடம்பெற்றாள், எட்டு வயதில் நோயில் இறந்தாள். பரம்பரை பற்றிய அத்தனை பெரிய வாதத்தைப் பொய்யாக்க ஒரு பள்ளி மதிப்பெண் அட்டை போதுமானதாக இருந்தது. அமெரிக்காவில் இப்படிக் கருத்தடைக்கு ஆளானவர்கள் 60,000க்கும் மேல். 1933 சட்டத்தின்படி நாஜி ஜெர்மனியில் சுமார் 4 லட்சம் பேர்.

பிற்காலக் கதைகள் சினிஸ்டரை நாஜி முகாமிலும் கொண்டுபோய் நிறுத்தின. அங்கே உண்மையில் நின்றவர் யோசெஃப் மெங்கெலே, இரண்டு முனைவர் பட்டங்கள் பெற்றவர். 1943இலிருந்து ஆஷ்விட்ஸில் இரட்டைக் குழந்தைகளை ஆராய்ந்தார். அவர் அங்கிருந்து அனுப்பிய இரத்த மாதிரிகளும் கண்களும் பெர்லினில் கைசர் வில்ஹெல்ம் நிறுவனத்துக்குப் போய்ச்சேர்ந்தன. அதன் தலைவர் ஓட்மார் ஃபான் ஃபெர்ஷுவர், மெங்கெலேயின் பழைய பேராசிரியர். உறை பிரிக்க ஆள் இருந்தார்கள், பதிவேட்டில் ஏற்ற ஆள் இருந்தார்கள், நுண்ணோக்கியில் பார்க்க ஆள் இருந்தார்கள். போருக்குப் பிறகு மெங்கெலே தென் அமெரிக்காவுக்கு ஓடி ஒளிந்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஃபெர்ஷுவர் எங்கும் ஓடவில்லை. 1951இல் மூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் மனித மரபியல் பேராசிரியர் ஆனார். சினிஸ்டரின் வெளுத்த முகத்தைப் பார்த்துப் பயப்படப் பழகிய நாம், இந்த இரண்டாவது மனிதரைத் தெருவில் பார்த்தால் வணக்கம் சொல்லியிருப்போம். எனக்கு அதிகம் உறுத்துவது அவர்தான்.

1946 டிசம்பரில் தொடங்கி 1947 ஆகஸ்டில் முடிந்த, நாஜி மருத்துவர்கள் மீதான நியூரம்பெர்க் வழக்கில் 23 பேர் கூண்டில் நின்றார்கள். தீர்ப்போடு சேர்ந்து பிறந்த நியூரம்பெர்க் விதிகளில் முதல் விதி, ஆராய்ச்சிக்கு ஆளாகிறவரின் மனமொப்பிய சம்மதம் கட்டாயம் என்பது. விதி எழுதியாகிவிட்டது என்பதற்காகப் பழக்கம் மாறிவிடவில்லை. 2018 நவம்பரில் சீன ஆய்வாளர் ஹெ ஜியான்குய், மரபணுத் திருத்தம் செய்த இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்திருப்பதாக அறிவித்தாரே, அந்தப் பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் அதை எய்ட்ஸ் தடுப்பூசித் திட்டம் என்று குறிப்பிட்டது. அவருக்குக் கிடைத்தது மூன்றாண்டுச் சிறை.

ஆனால் அமெரிக்காவின் அலபாமாவில், டஸ்கீகியில் நடந்தது இதைவிடக் கனமானது, ஏனென்றால் அதை மருத்துவ உலகிடமிருந்து மறைக்கவே யாரும் மெனக்கெடவில்லை. 1932இல் பொதுச் சுகாதாரத் துறை அங்கே மேகநோய் கண்ட 399 கறுப்பின ஆண்களையும், ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத 201 பேரையும் சேர்த்தது. சிகிச்சை தராமல் விட்டால் நோய் உடம்பை எப்படித் தின்கிறது என்று பார்ப்பதே நோக்கம். கெட்ட இரத்தத்துக்கு வைத்தியம் என்று அவர்களிடம் சொன்னார்கள். 1940களின் பிற்பாதியில் பென்சிலின் எங்கும் கிடைத்தபோதும் கொடுக்கவில்லை. பிணப் பரிசோதனைக்குச் சம்மதித்தால் அடக்கச் செலவு தருவோம் என்றார்கள். கிடைத்த முடிவுகளை மருத்துவ இதழ்களில் அவ்வப்போது வெளியிட்டார்கள். ஆயிரக்கணக்கான மருத்துவர்கள் அவற்றைப் புரட்டியிருப்பார்கள்.

துறைக்குள்ளேயே வேலை பார்த்த பீட்டர் பக்ஸ்டன் 1966இலிருந்து எழுத்து மூலம் எதிர்ப்புத் தெரிவித்துப் பயனில்லாமல், கடைசியில் பத்திரிகையாளரிடம் விஷயத்தைச் சேர்த்தார். 1972 ஜூலையில் செய்தி வெளியானது, அந்த ஆண்டே ஆராய்ச்சி நின்றது. அதற்கு ஏழாண்டு முன்பு, 1965இல், டெட்ராய்ட்டில் இருந்த இர்வின் ஷாட்ஸ் என்ற இளம் இதய மருத்துவர் அந்தக் கட்டுரைகளில் ஒன்றைப் படித்தார். வேறு ஊர், வேறு துறை, அவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உட்கார்ந்து மூன்றே வாக்கியத்தில் ஒரு கடிதம் எழுதினார். குணமாக்கும் மருந்து கையில் இருக்கும்போது உயிரைக் குடிக்கக்கூடிய நோயை மருத்துவர்கள் அப்படியே விட்டுவைத்திருப்பது தன்னைத் திகைக்க வைக்கிறது என்றும், இதில் பங்கெடுப்பவர்கள் தங்கள் அறத்தீர்ப்பை மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும் என்றும் கேட்டிருந்தார்.

அப்போது ஆராய்ச்சி தொடங்கி 33 ஆண்டுகள் ஆகியிருந்தன. கடிதத்தைப் பெற்ற அலுவலகத்தில் அதோடு ஒரு சிறு குறிப்பை இணைத்துக் கோப்பில் வைத்தார்கள். இப்படியொரு கடிதம் வருவது இதுவே முதல்முறை, பதில் எழுதும் உத்தேசம் இல்லை என்று அந்தக் குறிப்பில் இருந்தது.